மௌத்துக்கு முந்திய மாதங்கள்: கிழக்குக் கரையில் மாறாநோயாளர் பராமரிப்பின் வரலாறு

எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் மௌத்து என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். சந்தூக்கு வரும், கபன் துணி வரும். குளிப்பாட்டத் தெரிந்தவர்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று தாமாகவே வருவார்கள். மையவாடியில் கபுறு வெட்ட இளைஞர்கள் மண்வெட்டியோடு போய்விடுவார்கள். கதிரைகள் எங்கிருந்து வந்தன என்று வீட்டுக்காரர் கேட்கவும் தேவையில்லை. அடுப்பு எரியாத அந்த வீட்டுக்கு அயல்வீட்டுச் சோறு வரும். இதற்கென்று ஜனாஸா நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றன; சந்தாப் புத்தகம் இருக்கிறது; சில ஊர்களில் வாகனமும் இருக்கிறது.

அதே மனிதர் மௌத்தாவதற்கு முந்திய ஆறு மாதம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். மகள் ஒருத்தி இரவிரவாக விழித்திருந்தாள். நோவு தாங்காமல் அவர் கத்தியபோது பனடோல் குளிசை கொடுத்தாள். முதுகில் புண் வந்தது. ஏன் வந்தது, எப்படித் தடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நோய் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், தோடம்பழம் வைத்துவிட்டுப் போனார்கள். “சபூர் செய்ங்க மகள்” என்றார்கள். சங்கமோ, சந்தாவோ, வாகனமோ அந்த ஆறு மாதத்துக்கு இருக்கவில்லை.

மௌத்துக்குப் பிந்திய ஒரு நாளுக்கு இவ்வளவு ஒழுங்கு செய்து வைத்த ஒரு சமூகம், மௌத்துக்கு முந்திய மாதங்களை ஏன் ஒரு மகளின் தோளில் மட்டும் விட்டது? நம் முன்னோரிடம் இரக்கம் இல்லாமல் போனதால் இது நடந்ததென்று நான் நினைக்கவில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று பொத்துவில் வரை முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி அமைந்த இந்தக் கரையை மனதில் வைத்து அந்த வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சொல்லும் பொருளும்

குணமாக்க முடியாத நோயோடு வாழ்பவரின் நோவையும் மூச்சுத் திணறலையும் மனக்கலக்கத்தையும் குறைப்பது, அவரைப் பார்க்கும் குடும்பத்தையும் சேர்த்துத் தாங்குவது – இதைத்தான் இன்று தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. இதயம் பலவீனமானவர், சிறுநீரகம் செயலிழந்தவர், பாரிசவாதத்தில் விழுந்தவர், முதுமை மறதியில் பிள்ளைகளின் பெயரே மறந்துபோனவர் எல்லோருக்கும் உரியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டொன்றுக்கு 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இது தேவைப்படுகிறது. கிடைப்பதோ அவர்களில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்குத்தான்.

சொல் புதிது. 1967இல் இலண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்ததோடு இந்த நவீன இயக்கம் தொடங்கியதாக மருத்துவ வரலாறு சொல்லும். ஆனால் அந்தச் செயல் நமக்குப் புதிதா?

மதீனாவின் கூடாரம்

ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ் யுத்தத்தில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து இரத்தக் குழாய் அறுந்தது. அவருக்கென்று மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு கூடாரம் அடிக்கப்பட்டது. அருகில் இருந்து அடிக்கடி நோய் விசாரிப்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் காரணமும் சொல்கின்றன. காயம்பட்டோரைப் பராமரித்த ருபைதா என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று இப்னு இஸ்ஹாக்கின் சீறா குறிக்கிறது. ஸஅத் (ரழி) குணமாகவில்லை. காயம் மீண்டும் திறந்து அவர் வபாத்தானார்.

இந்தச் சம்பவத்தை நம் மேடைகளில் வீரத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். பராமரிப்பின் கண்ணால் பார்த்தால் வேறு மூன்று விடயங்கள் தெரிகின்றன. நோயாளி ஊருக்கு வெளியே ஒதுக்கப்படாமல் ஊரின் நடுவில், தொழுகைக்கு எல்லோரும் வந்து போகும் இடத்தில் வைக்கப்பட்டார். பராமரிப்பில் தேர்ந்த ஒரு பெண்ணின் கையில் அவர் ஒப்படைக்கப்பட்டார். தலைமை தினமும் வந்து பார்த்தது. இடம், திறமை, தலைமையின் கவனம் மூன்றும் ஒன்றாக இருந்தன.

பின்னாளில் இது பெரும் நிறுவனமாக வளர்ந்தது. டமஸ்கஸில் 1154இல் நூருத்தீன் கட்டிய பீமாரிஸ்தானும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மன்சூரி பீமாரிஸ்தானும் வக்பு வருமானத்தில் நடந்தன. கடைத்தெரு வாடகை நோயாளியின் கஞ்சியாகவும் மருந்தாகவும் மாறியது. வக்பு என்றால் பள்ளிவாசல் சுவரும் மினாராவும் என்று மட்டும் நினைக்கப் பழகிவிட்ட நமக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

குடியும் வளவும்

மதீனாவும் கெய்ரோவும் தூரம். நம் கரைக்கு வருவோம். இங்கே பீமாரிஸ்தான் இருக்கவில்லை. ஆனால் நோயாளியைத் தாங்கும் ஓர் அமைப்பு இருந்தது. அது வீட்டு வளவு.

மட்டக்களப்புத் தெற்கிலிருந்து பொத்துவில் வரை முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்த மகளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீடு கட்டி ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கும் அப்படியே. அக்கரைப்பற்றில் 1969 முதல் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட பெருநூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். குடி, சீதனம், மரைக்காயர்மார் என்ற கோணத்தில்தான் நாம் அதைப் பெரும்பாலும் படித்தோம். நோயின் கோணத்தில் படித்தால் இன்னொன்று தெரியும்: உம்மா படுக்கையில் விழும் காலத்தில் அவரைச் சுற்றி மூன்று நான்கு மகள்மார், அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். ஒருத்தி இரவு விழித்தால் மற்றவள் பகலில் பார்ப்பாள். ஒருத்தி சமைத்தால் இன்னொருத்தி துணி அலசுவாள். முறை மாற்றம் அந்த வளவின் அமைப்பிலேயே இருந்தது.

வளவுக்கு உள்ளே வந்து போகிறவர்களும் இருந்தார்கள். பரிசாரி வருவார், எண்ணெயும் கசாயமும் தருவார். ஆலிம்சா ஓதி ஊதித் தண்ணீர் தருவார். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைத்துப் போவோர் உண்டு. அதிலே மதபேதம் பார்க்காத காலமும் இருந்தது. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்கு இதே போல நேர்த்தி வைத்தவர்களின் வீட்டிலும், படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்தது மகள்தான். ஓதல் வேறு, நேர்த்தி வேறு. கட்டிலும் கையும் ஒன்று.

முஸ்லிம்களிடையே மருத்துவக் குடும்பங்களுக்கும் குறைவிருக்கவில்லை. கண்டி அரசர்களிடம் முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்ததையும், கோபால என்ற பெயர் தாங்கிய மருத்துவக் குடும்பத்தைப் பற்றியும் வரலாற்றாசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். யூனானி மருத்துவத்தின் மூலநூலான கானூனில் இப்னு ஸீனா அபினை வலுவான நோவு நீக்கியாக விவரித்தார். கடும் நோவுக்கு அபின் கலந்த மருந்து என்பது நாட்டு வைத்தியத்திலும் தெரிந்த ஒன்று.

பழைய காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. நோவு இருந்தது, அறியாமை இருந்தது, ஆண்கள் வெளித்திண்ணையில் இருக்க எல்லாப் பாரமும் பெண்களின் முதுகில்தான் விழுந்தது. ஆனாலும் நோயாளியின் கட்டில் வீட்டில் இருந்தது, மருந்தும் மருந்து கொடுப்பவரும் அந்தக் கட்டிலைத் தேடி வந்தார்கள். இதைக் குறித்துக்கொண்டால் அடுத்து நடந்தது விளங்கும்.

அரசு வந்த விதம்

1858இல் இலங்கையில் சிவில் மருத்துவத் திணைக்களம் அமைந்தது. 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி திறந்தது. ஆஸ்பத்திரிகள் மெல்ல மெல்ல மாகாணங்களுக்கு வந்தன. அவற்றால் பிழைத்த உயிர்கள் கணக்கில்லாதவை. ஆனால் குணமாக்க முடியாதவர் பற்றி ஆங்கில ஆட்சி எடுத்த முடிவுகள் வேறு வகையானவை. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 1901இன் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து ஒதுக்கி வைக்க அது வழிசெய்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை எழுந்தது. கிழக்கில் மாறாநோயாளருக்கென்று அரசு கட்டிய இடம், தோணியில் போக வேண்டிய ஒரு தீவாக இருந்தது. அங்கே போனவர் ஊருக்குத் திரும்புவது அரிது. “பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் திரும்பி வரமாட்டார்” என்று நம் மூத்தவர்கள் பயந்ததை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, அபின் சட்டம். 1910இல் அபின் விற்பனை அரசின் கைக்குப் போனது. பதிவு செய்த பாவனையாளருக்கும் பதிவு செய்த நாட்டு வைத்தியருக்கும் மட்டும் என்றானது. பின்னர் 1929இன் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் சுதேச மருத்துவக் கல்லூரி கொழும்பில் தொடங்கியதும் அதே 1929இல்தான். போதைப் பழக்கத்தைத் தடுக்க வேண்டிய தேவை உண்மையானது; அதில் வாதமில்லை. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் 3 கிராம் மோர்பின் கடத்தினாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்ற அளவுக்குப் போனது. மருத்துவத் தேவைக்கு மோர்பின் சட்டபூர்வமானதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சுற்றி எழுந்த பயம், கட்டிலில் கிடப்பவருக்கும் அந்த மருந்துக்கும் நடுவில் ஒரு மதிலாக நின்றுவிட்டது. பழைய நோவு நீக்கி வீட்டைவிட்டுப் போனது. அதன் இடத்துக்கு வர வேண்டிய புதியது வீட்டுக்கு வரவில்லை.

மூன்றாவது முடிவு நல்ல முடிவு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன் வழியே மருத்துவமாது வீடு வீடாகப் போகும் முறை நாடெங்கும் பரவியது. பிள்ளைத்தாச்சியின் வீட்டுப் படலையைத் தட்டி, “என்ன, குளிசை குடிக்கிறியா?” என்று கேட்கும் மிட்வைப் மிஸியை நம் உம்மாமார் எல்லோருக்கும் தெரியும். தாய் சேய் மரணங்களை இலங்கை குறைத்ததன் பெருமையில் பெரும் பங்கு அந்தப் பெண்களுக்குரியது.

பிறப்புக்கு வீட்டு வாசல் வரை ஆள் அனுப்பிய அரசு, இறப்புக்கு அனுப்பவில்லை. நூறு வருடமாக ஒரு வாசலில் வந்து நிற்கும் மிஸி, அதே வளவில் உள்ள அடுத்த வீட்டில் கிடக்கும் மூத்தம்மாவைப் பார்க்க வேண்டும் என்று யாரும் ஒழுங்கு செய்யவில்லை.

வளவு உடைந்தது

மருந்து வராவிட்டாலும் மகள்மார் இருந்தார்கள். அதுவும் கடந்த 40, 50 வருடங்களில் கலைந்தது.

1970களின் கடைசியிலிருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். மகன் கட்டாரில், மகள் சவூதியில். காசு வந்தது, கை போனது. பிறகு யுத்தம். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஒன்றை முஸ்லிம் ஆஸ்பத்திரி என்றும் மற்றதைத் தமிழ் ஆஸ்பத்திரி என்றும் ஊர் வாய் பிரித்து வைத்தது. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியில்லை. பயம் எழுதிய பெயர்கள் அவை. நோவோடு கிடப்பவரும் எந்தப் பக்கம் போவது பாதுகாப்பு என்று யோசிக்க வேண்டிய காலம் வந்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். நாட்டில் ஆகக் கூடிய இழப்பு இங்கேதான். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் திருக்கோவிலும் ஒரே அலையில் அழிந்தன. அதன் பிறகு வடக்குக் கிழக்கில் கடலோரம் 200 மீற்றர் தடைவலயம் என்று அறிவிக்கப்பட்டது. புதிய வீட்டுத்திட்டங்களில் குடும்பங்கள் வேறு வேறு இடங்களுக்குப் பிரிந்தன. வளவு போனதோடு, கூப்பிட்டால் வரும் தங்கச்சியும் போனாள். வீடு தந்தவர்கள் கூரையைக் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கூரைகளுக்கு நடுவில் இருந்த முறை மாற்றத்தை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கடைசியாக 2020. கொவிட்டில் இறந்தவரைக் கட்டாயம் தகனம் செய்ய வேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரி கடைசி வரை அது நீடித்தது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. அந்தப் பத்துப் பதினொரு மாதங்களில் நம் வீடுகளில் கேட்ட வார்த்தை ஒன்றுதான்: “ஆஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போகாதீங்க, மௌத்தானா எரிச்சிருவாங்க.” கொவிட் இல்லாத நோயாளிகளும் மூச்சுத் திணறலோடும் நோவோடும் வீட்டிலே கிடந்தார்கள். தன் உடலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்ற நிம்மதி இல்லாத இடத்தில் மருத்துவம் வேலை செய்யாது. மாறாநோயாளர் பராமரிப்பின் அடித்தளம் நம்பிக்கை. அந்த நம்பிக்கை அப்போது பட்ட அடி இன்னும் ஆறவில்லை.

மலபாரில் நடந்தது

நமக்கு மிக நெருங்கிய கரை ஒன்றில் வேறு கதை நடந்தது. 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் எம். ஆர். ராஜகோபால், டொக்டர் சுரேஷ் குமார் ஆகியோரும் தொண்டர்களும் சேர்ந்து நோவு மற்றும் தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியைப் பார்த்தால் போதாது, வர முடியாதவர்தான் அதிகம் என்று அவர்களுக்குச் சீக்கிரம் விளங்கியது. 2000ஆம் ஆண்டையடுத்த வருடங்களில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் அயலவர் வலையமைப்பு வளர்ந்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் தம் தெருவில் யார் படுக்கையில் என்று தேடிப் போனார்கள். தாதி வீட்டுக்கு வந்தார். வைத்தியர் பின்னால் நின்றார். காசு பெரும்பாலும் ஊர்ச் சில்லறையாகச் சேர்ந்தது. 2008இல் கேரள அரசு தணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதலாவது.

மலப்புரத்து மாப்பிளைமார் நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபினர். மலபார்க் கரையின் சில பகுதிகளில் நம்மைப் போலவே பெண் வீட்டு முறையும் இருந்தது. அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 1980இல் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. மஹரகமையில் இலங்கை புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் பல்லாண்டாக இயங்குகிறது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, தணிப்புப் பராமரிப்பை எல்லா நாடுகளும் தம் சுகாதார முறையில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. 2019 – 2023க்கான தேசிய தணிப்புப் பராமரிப்பு உபாயச் சட்டகம் நம்மிடம் எழுத்தில் வந்தது. காகிதம் கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டது. திருக்கோவிலில் உள்ள ஒரு கட்டிலுக்கு அது வந்து சேர்வதுதான் மிச்சம்.

திருக்கோவிலில் இருந்து பார்த்தால்

திருக்கோவிலில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 75 கிலோமீற்றர். அக்கரைப்பற்றில் பஸ் மாறி, கல்முனையில் மாறி, முதுகெலும்பில் புற்று இறங்கியவரால் அந்தப் பயணம் போக முடியுமா? வேன் பிடிக்க வேண்டும். கூலியாளின் பல நாள் சம்பளம் அதில் போகும். துணைக்குப் போகிறவரின் அன்றைய உழைப்பும் போகும். பொத்துவில் முஸ்லிமுக்கும் திருக்கோவில் தமிழருக்கும் இது ஒரே பாதை, ஒரே செலவு.

என் சாச்சி தன் உம்மாவை இப்படித்தான் பார்த்தார். ஒரு வைத்தியசாலையில் “இனிச் செய்ய ஒண்டும் இல்ல, ஊட்ட கொண்டு போங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். சாச்சி என்னிடம் பிறகு சொன்னது: “ஒண்டும் இல்லெண்டு சென்னாங்க தம்பி. ஆனா எனக்கு அதுக்குப் பிறகுதானே வேலையே தொடங்கின.” மருத்துவம் கைவிரித்த இடத்தில்தான் பராமரிப்புத் தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

அந்த வேலையில் கற்றுக்கொடுக்கக் கூடியது நிறைய இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் குறையும். வாய் உலர்ந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாப்பாடு இறங்காத கடைசி நாட்களில் வற்புறுத்தி ஊட்டக் கூடாது. நோவு மருந்தை நோவு வந்த பிறகு கொடுப்பதில்லை, மணிக்கூட்டைப் பார்த்து நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் நோவு வழிகாட்டி இந்த முறையைத்தான் சொன்னது: வாய்வழியாக, நேரப்படி, நோவின் அளவுக்கேற்பப் படிப்படியாக. மோர்பின் தொடங்கினால் மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கொடுக்க வேண்டும். இவை ஒரு மிஸி இரண்டு மாலையில் கற்றுக்கொடுக்கக் கூடியவை.

மோர்பின் என்றதும் நம் வீடுகளில் மூன்று பயம் எழும்பும். பழக்கமாகிவிடுமா? வைத்தியர் அளவு பார்த்துக் கொடுக்கையில் கடும் நோவுள்ளவர் போதைக்கு அடிமையாவது அரிது. உயிரைச் சீக்கிரம் எடுத்துவிடுமா? சரியான அளவில் கொடுத்தால் நோவைத்தான் எடுக்கும். ஹராமா? சதை அழுகிய கையை வெட்டுவதற்குப் புத்தியை மயக்கும் பொருள் தேவைப்பட்டால் அது கூடும் என்பதையே சரியான கருத்தாக நம் மத்ஹபின் இமாம் நவவி (மறைவு 1277) எழுதியிருக்கிறார். சத்திர சிகிச்சையின் நோவுக்கு உள்ள அனுமதி, மாதக்கணக்கான நோவுக்கு இல்லாமல் போகுமா? இதை ஜும்ஆ மேடையில் ஆலிம்கள் ஒருமுறை விளக்கினால் நூறு வீடுகளில் இரவு அமைதியாகும்.

வணக்கம் பற்றிய கவலையும் அப்படித்தான். சிறுநீர்க் குழாயோடு கிடப்பவர், “நான் நஜீஸோட கிடக்கிறன், தொழுகை கூடுமா?” என்று அழுவதைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் வுழு செய்து தொழலாம், இருந்தோ படுத்தோ கண்ணசைவாலோ தொழலாம், குணமாகும் எதிர்பார்ப்பு இல்லாதவர் நோன்புக்குப் பதிலாக பித்யா கொடுத்தால் போதும். இவ்வளவும் ஃபிக்ஹு நூல்களில் இருக்கின்றன; கட்டிலுக்குப் பக்கத்தில் போய்ச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இருப்பதைக் கொண்டு

லான்செட் ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2015இல் உலகில் இறந்த 5 கோடியே 62 இலட்சம் பேரில் 2 கோடியே 55 இலட்சம் பேர் கடும் துன்பத்தோடு போனார்கள் என்கிறது. உலகில் ஆண்டுக்கு விநியோகமாகும் 298.5 தொன் மோர்பின் வகை மருந்துகளில் வறிய நாடுகளுக்குப் போவது 0.1 தொன். இவற்றை மாற்றுவது நம் கையில் இல்லை என்று தோன்றலாம். மோர்பினைத் திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் கொண்டு வருவது அரசின் கடமை. கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையிடம் அதை உரிமையாகக் கேட்க வேண்டும். வீட்டுக்கு வரும் தாதியையும் கேட்க வேண்டும்.

ஆனால் மற்றப் பாதி நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ்ப் பதிவான பள்ளிவாசல்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஜனாஸா சங்கம் உண்டு. அதன் சந்தா, அதன் தொண்டர், அதன் வாகனம் உண்டு. அந்தச் சங்கம் தன் வேலையை ஆறு மாதம் முன்னால் தொடங்கினால் என்ன? சாய்த்து நிமிர்த்தும் கட்டில் இரண்டு, காற்று மெத்தை மூன்று, சக்கர நாற்காலி ஒன்று வாங்கி வைத்து இரவல் கொடுக்கலாம். மாதம் ஒரு நாள் வாகனத்தை மட்டக்களப்புக் கிளினிக்குக்கு ஓட்டலாம். மஹல்லாவில் படுக்கையில் கிடப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொள்ளலாம். குளிப்பாட்டத் தெரிந்த பெண்களுக்கே படுக்கை நோயாளியைப் புரட்டவும் துடைக்கவும் பயிற்சி கொடுக்கலாம். மையித்தை மென்மையாகத் தொடப் பழகிய கைகள் அவை, உயிரோடு இருப்பவரை அதைவிட மென்மையாகத் தொடும். வாரத்தில் ஒரு பின்னேரம் இன்னொருவர் வந்து உட்கார்ந்தால், பார்க்கும் மகள் குளித்து, தூங்கி, தன் பிள்ளையின் பாடசாலைக்குப் போய் வருவாள்.

இதை முஸ்லிம் ஊரோடு நிறுத்தவும் முடியாது. வைத்தியசாலை, பாதை, பஸ் எல்லாம் பொது. அக்கரைப்பற்றுப் பள்ளிவாசல்களும் திருக்கோவில், தம்பிலுவில் கோயில் அறங்காவலர் சபைகளும் ஒரே மேசையில் இருந்து ஒரு தாதியின் சம்பளத்துக்கும் ஒரு வாகனத்தின் எண்ணெய்க்கும் வழி பார்த்தால், இரண்டு பக்கத்துக் கட்டில்களுக்கும் ஆள் வரும். தாய்வழிக் குடியைப் பகிர்ந்த இரு சமூகங்களுக்கு இது பெரிய காரியமல்ல.

செலவுக் கணக்கை யாரும் கேட்பதற்கு முன் நானே ஒன்று சொல்கிறேன். நம் ஊர்களில் ஒரு மினாராவை உயர்த்த எவ்வளவு சேர்க்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். வரும் வருடப் பொதுக்கூட்டத்தில், ஜனாஸா சங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: “மஹல்லாவில் படுக்கையில் உள்ளோர் விபரம்.” முதல் கூட்டத்தில் அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒருவரை நியமித்தால் போதும். பெயர்கள் எழுதப்பட்டு வாசிக்கப்படும்போது, அடுத்து என்ன செய்வது என்று ஜமாஅத்துக்குத் தானே விளங்கும்.